சிவப்புக் கோட்டுக்குக் கீழ: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதத்தில அரைவாசிக்கு மேல பள்ளிக்கூடக் கதைதான். சீட்டுக் கட்டிக் காசு போனவை, மருமகளோட கொளுவல்பட்டவை எல்லாரையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போட்டன், கோவிக்காதேங்கோ. வட்ஸ்அப்பில வொய்ஸ் அனுப்பின ஆக்களின்ரயையும் கேட்டு எழுதி எடுத்திருக்கிறன். ஒருத்தற்ற பேரும் போடேல்ல, ஊரையும் சுத்துவட்டாரமாத்தான் போட்டிருக்கிறன், ஏனெண்டா வன்னியில ரெண்டு பேர் கதைச்சா மூண்டாவது ஆளுக்கு அது ஆரெண்டு உடன விளங்கியிடும்.

ஒரு தாய், துணுக்காய்ப் பக்கம்: ரீச்சர், என்ர மகள் வாற வருசம் ஆறாம் வகுப்பு. எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தில பதினொராம் வகுப்பு வரைக்கும் இருக்கு, ஆனா மொத்தப் பிள்ளையள் எழுபது வராது. அயலட்டையில எல்லாரும் வான் பிடிச்சு மல்லாவிக்கும் கிளிநொச்சிக்கும் அனுப்பினம். "ஏன் இஞ்ச வச்சு பிள்ளையைப் பழுதாக்கிறாய்" எண்டு கேக்கினம். இவர் தான் படிச்ச பள்ளிக்கூடம் எண்டு விடமாட்டன் எண்டுறார். என்ன செய்ய?

தங்கச்சி, ரிசல்ட்டைப் பாக்க முதல் ஒரு வேலை செய்யுங்கோ. ஒரு திங்கக்கிழமையும் ஒரு புதன்கிழமையும் விடிய ஏழேகாலுக்குப் போய் பள்ளிக்கூட கேற்றடியில நில்லுங்கோ, ஆரும் கேட்டா பிள்ளையை விட வந்தனான் எண்டு சொல்லுங்கோ. ஆர் எத்தினை மணிக்கு வருகினம் எண்டு மட்டும் பாருங்கோ.

ஏன் சொல்லுறன் எண்டா, ஆசிரியர் வரவுப் புத்தகம் எண்டு ஒண்டு இருக்கு, ஏழரை மணி அடிச்ச கையோட அதிபர் சிவப்புப் பேனையால அதில ஒரு கோடு கீறுவார், பிறகு வாற ஆக்கள் கோட்டுக்குக் கீழதான் கையெழுத்து வைக்கவேணும். நான் கடைசியா அதிபரா இருந்த பள்ளிக்கூடத்தில திங்கக்கிழமை எண்டா கோட்டுக்கு மேல நாலு கையெழுத்து, கீழ ஏழு. புதன்கிழமை மேல பத்து, கீழ ஒண்டு. வெள்ளிக்கிழமை எல்லாரும் மேலதான், ஆனா பதினொரு மணிக்குப் பிறகு ஒவ்வொருத்தரா சோட் லீவுக்கு வந்து நிப்பினம், பின்னேர பஸ்ஸை விட்டா வீட்டை போய்ச்சேர இரவாகியிடும் எண்டு. அதால நாங்கள் கிழமைக்கு ஐஞ்சு நாள் எண்டு சொல்லிக்கொண்டு மூண்டரை நாள்தான் பள்ளிக்கூடம் நடத்தினனாங்கள். இப்ப கைவிரல் வைக்கிற மெசின் வந்திட்டுது, கோடு கீறுற வேலை இல்லை, கரண்ட் நிண்ட நாளில மட்டும் பழைய புத்தகம் லாச்சிக்குள்ளால வெளியில வரும்.

இன்னொண்டும் சொல்லுறன் கேளுங்கோ, நான் இதைக் கண்டுபிடிக்க ரெண்டு வருசம் போச்சு, வெக்கக்கேடு. நேரசூசி போடேக்க எல்லாரும் கணிதத்தை முதலாம் பாடத்திலதான் போடுவம், பிள்ளையளின்ர மூளை காலமை பிரெஸ்ஸா இருக்குமெண்டு. எங்கட கணித சேர் வாற பஸ் எட்டரைக்கு. ரெண்டு வருசமா அந்தப் பிள்ளையள் திங்கக்கிழமை முதலாம் பாடத்தில கணிதம் படிக்கவே இல்லை, நான் ஓஎல் (பதினொராம் வகுப்பு முடிய எழுதுற சோதனை) ரிசல்ட் வந்த பிறகு பிள்ளையளுக்கு ஏசினன். பிறகு கணிதத்தைத் தூக்கி நாலாம் பாடத்தில போட்டு, காலமையில ஊரிலயே இருக்கிற சமய ரீச்சரையும் தமிழ் ரீச்சரையும் போட்டன். ஒரு சதமும் செலவில்லாத வேலை.

இனி உங்கட எழுபது பிள்ளைக் கணக்குக்கு வாறன். ஆறாம் வகுப்பில இருந்து பதினொண்டு வரைக்கும் ஆறு வகுப்பு, ஒரு நாளைக்கு 8 பாடம் எண்டு வச்சா கிழமைக்கு 40, எல்லாமாச் சேத்து 240 பாடம். ஒரு ரீச்சர் கிழமைக்கு 30 பாடம் எடுத்தாலும் எட்டுப் பேர் வேணும். முதலாம் வகுப்பில இருந்து ஐஞ்சு வரைக்கும் வகுப்புக்கு ஒராள் எண்டு ஐஞ்சு பேர். மொத்தம் 13. எழுபது பிள்ளைக்குப் பதின்மூண்டு ரீச்சர் எண்டா மேல இருந்து பாக்கிற ஆளுக்கு எப்பிடித் தெரியும்? "உங்களுக்கு ஆள் மிச்சம்" எண்டுதான் தெரியும். ஒரு பிள்ளை படிச்சாலும் கணிதமும் விஞ்ஞானமும் இங்கிலிசும் தனித்தனி ஆள்தானே படிப்பிக்கவேணும், அது தலைக்கணக்கில வராது. கடைசியில என்ன நடக்கும், வரலாறு படிச்ச ரீச்சர் விஞ்ஞானம் எடுப்பா, உடற்கல்வி சேர் கணிதம் எடுப்பார், கடதாசியில எல்லா வகுப்பிலயும் ஆள் நிக்கும்.

அதால உங்கட மகளுக்கு நான் சொல்லுறது இதுதான். கணிதம், விஞ்ஞானம், இங்கிலிசு, இந்த மூண்டுக்கும் அந்தந்தப் பாடத்துக்கெண்டே வந்த ஆள் இருக்கினமோ எண்டு அதிபரிட்டைக் கேளுங்கோ, அவர் மறைக்கமாட்டார், உங்களை விட அவருக்குத்தான் கூடக் கவலை. மூண்டில ரெண்டுக்கு ஆள் இருந்தா விடுங்கோ அங்கயே. பன்ரண்டு பேர் இருக்கிற வகுப்பில உங்கட பிள்ளை கையைத் தூக்காட்டியும் ரீச்சரின்ர கண்ணில படுவா, ரவுணில நாப்பது பேருக்குள்ள கடைசி வாங்கில இருந்து வருசம் முழுக்க ஒரு கேள்விக்கும் எழும்பாமல் வாற பிள்ளையள் எனக்குக் கனக்கத் தெரியும். அதோட வானில போற பிள்ளை நாலே முக்காலுக்கு எழும்பி, ஆட்டத்தில நித்திரை தூங்கி, மூண்டு மணிக்கு வந்து, உடன ரியூசனுக்கு ஓடி, சனி ஞாயிறும் ஓடி... அந்த வான் காசு உங்கட வீட்டில எங்க இருந்து வரும் எண்டு நீங்கள் எழுதேல்ல. மூண்டில ஒண்டுதான் இருக்கெண்டா அனுப்புங்கோ, மனுசனுக்கு நான் சொன்னனெண்டு சொல்லுங்கோ.

ஒரு இளம் ரீச்சர், வீடு வலிகாமம், கடமை வன்னியில: பஸ்ஸில, கடையில, கோயிலில எங்க நிண்டாலும் "யாழ்ப்பாணத்து ரீச்சர்மார் பிந்தி வந்து முந்திப் போயினம்" எண்ட கதைதான் ரீச்சர். நான் விடிய மூண்டே முக்காலுக்கு எழும்பிறன். ஏ9 றோட்டால மாங்குளம் வந்து இறங்கி அடுத்த பஸ் பிடிக்கவேணும், முதல் பஸ் பத்து நிமிசம் பிந்தினா ரெண்டாவது போயிடும். ஊரில வீடெடுத்து நில்லன் எண்டு சொல்லுகினம், தனிய ஒரு பொம்பிளைப் பிள்ளை எங்க நிக்கிறது?

பிள்ளை, உம்மில பிழை சொல்லமாட்டன். மாங்குளம் யாழ்ப்பாணத்தில இருந்து தொண்ணூறு கிலோமீற்றருக்கு மேல, அதுக்குப் பிறகு உள்ளுக்க போற றோட்டு வேற. நாளுக்கு ஆறு மணித்தியாலம் பஸ்ஸில இருக்கிற ஆள் பாடக்குறிப்பு எழுதுறதா நித்திரை கொள்ளுறதா?

ஆனா அடுத்த பக்கத்தையும் சொல்லத்தானே வேணும். நான் முதல் நியமனத்துக்கு வந்தது 80களின்ர நடுப்பகுதி, அப்ப ஒரு கமக்காரற்ற வீட்டில விட்டவை, மண் சுவர், கிடுகுக் கூரை, இரவில பத்தையடியில யானை முறிக்கிற சத்தம் கேக்கும். அந்த வீட்டு அம்மா நான் சாப்பிடாமல் தான் சாப்பிடமாட்டா. பின்னேரம் முத்தத்தில பிள்ளையள் வந்து குந்துவினம், ரியூசன் எண்ட சொல்லே அப்ப அந்த ஊரில இல்லை. இப்ப சனம் அப்பிடி ஒரு வெளியாளைக் கூப்பிட்டு வீட்டுக்குள்ள விடப் பயப்பிடுது, 2009இல போர் முடிஞ்ச பிறகு வீடுகளும் சின்னன், தாயும் பிள்ளையளும் மட்டும் இருக்கிற வீடுகளும் கனக்க. ரீச்சர்மார் தங்கக் கட்டின குவாட்டர்ஸ் இருக்கிற பள்ளிக்கூடத்தில பாதி குவாட்டர்ஸ் வௌவாலுக்குத்தான். எண்டபடியா "நில்லன்" எண்டு சொல்லுற ஆக்களைப் பாத்து "எங்க?" எண்டு கேக்கிற உரிமை உமக்கிருக்கு.

ஒண்டு செய்து பாரும். உம்மட பள்ளிக்கூடத்திலயும் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலயும் உம்மைப்போல ரெண்டு மூண்டு பேர் இருப்பினம். சேந்து ஒரு வீடெடுத்து திங்களில இருந்து வியாழன் வரைக்கும் நிண்டு பாருங்கோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திட்டைச் சொல்லி வீடு பாக்கச் சொல்லுங்கோ, அவை சிரமதானத்துக்கு மட்டும் கூடுற சங்கமில்லை. நிக்கவே ஏலாதெண்டா பஸ் நேரத்தை மாத்தக் கேளுங்கோ. எங்கட ஆக்கள் ஒருக்கா அதிபர், பெற்றோர், கோயில் தலைவர், கடைக்காரர் எல்லாரும் கையெழுத்து வச்சு டிப்போவுக்கு எழுதினம், பஸ்ஸை இருபத்தைஞ்சு நிமிசம் முன்னுக்கு விடச்சொல்லி. ஒரு வருசத்துக்கு மேல அலைஞ்சு கடைசியில விட்டவை. அந்த இருபத்தைஞ்சு நிமிசம் எங்கட சிவப்புக் கோட்டுக்குக் கீழ இருந்த ஐஞ்சு கையெழுத்தை மேல கொண்டுவந்தது, வேற எந்தக் கூட்டமும் செமினாரும் அதைச் செய்யேல்ல.

வேரைக் கேட்டா வேற கதை. வன்னியில பிறந்த பிள்ளையள் வன்னியில படிப்பிக்க வரவேணும். வவுனியாவில தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கு, ஆனா கணிதம் விஞ்ஞானத்துக்கு அதுக்குள்ள போக அந்தத் துறையில ஏஎல் (ஓஎல்லுக்குப் பிறகு வாற உயர்தரம்) படிச்சிருக்கவேணும், ஏஎல் விஞ்ஞானம் படிக்க விஞ்ஞான ரீச்சர் வேணும். கோழியோ முட்டையோ எண்ட மாதிரித்தான் நிக்குது.

ஒரு தகப்பன், நெடுங்கேணிப் பக்கம்: எங்கட பள்ளிக்கூடத்தை மூடி நாலு கிலோமீற்றர் தள்ளியிருக்கிற மற்றதோட சேக்கப்போறதா கதை அடிபடுது. முப்பத்தெட்டுப் பிள்ளையள், ஐஞ்சாம் வகுப்பு வரைக்கும். மூடவிடலாமோ? நாங்கள் எங்க போய்க் கதைக்கிறது?

அண்ணை, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். எல்லாச் சின்னப் பள்ளிக்கூடத்தையும் கட்டிப்பிடிச்சு வச்சிருக்கவேணும் எண்டு சொல்லுற ஆள் நானில்லை. சனம் குறையுது, அதை ஒளிக்கேலாது. இலங்கை முழுக்க 2019இல 3 லட்சத்துக்கு மேல பிள்ளை பிறந்தது, 2023இல இரண்டரை லட்சத்துக்கும் கீழ போட்டுது. அதோட எங்கட பக்கம் போரில போனவை, வெளிநாடு போனவை, இந்தியாவில இருந்து திரும்பாதவை, இப்ப கொழும்புக்கு வேலைக்குப் போறவை. முதலாம் வகுப்புக்கு ஒரு பிள்ளையும் சேராத வருசங்கள் இனி வரத்தான் போகுது.

ஆனா எதைச் சேக்கிறது, எதை விடுறது எண்டதில எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கு. ஆறுக்கு மேல சேருங்கோ, ஐஞ்சுக்குக் கீழ சேக்காதேங்கோ. பதின்மூண்டு வயசுப் பிள்ளை சைக்கிளில நாலு கிலோமீற்றர் போகும், பஸ்ஸுக்கு சீசன் எடுத்துக் குடுக்கலாம், அங்க போனா கணிதத்துக்கு உண்மையான கணித ரீச்சர் கிடைப்பா, ஆறு வகுப்புக்கும் சேத்து ஒரு லாப் கிடைக்கும், அது லாபம். ஐஞ்சு வயசு முடிஞ்சு முதலாம் வகுப்புக்குப் போற பிள்ளை நாலு கிலோமீற்றர் காட்டு றோட்டால எப்பிடிப் போகும்? தாய் சைக்கிளில ஏத்திக்கொண்டு போவா, பிறகு ஒருநாள் கூலிவேலைக்குப் போகவேணும் எண்டு விடுவா, பிறகு மழை, பிறகு காய்ச்சல், மூண்டாம் வகுப்பில அது எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை. பள்ளிக்கூடத்தை விட்டு விலகினது எண்டு ஒருநாளும் ஒரு புத்தகத்திலயும் பதியப்படாது, பேர் இடாப்பில இருக்கும். 2016இல சட்டத்தில கட்டாயக் கல்வி வயசை 14இல இருந்து 16 ஆக்கிப்போட்டினம், அது வீட்டுக்காரருக்கு மட்டும் போட்ட சட்டமெண்டு நினைக்கிறது பிழை. பிள்ளை போகக்கூடிய தூரத்தில பள்ளிக்கூடம் இருக்கிறதும் அதுக்குள்ள அடக்கம் எண்டுதான் நான் வாதாடுவன்.

முப்பத்தெட்டுப் பிள்ளைக்கு ஐஞ்சு ரீச்சர் கேக்காதேங்கோ, அதில நீங்கள் தோப்பியள். மூண்டு பேர் போதும், ஒண்டும் ரெண்டும் சேத்து ஒரு வகுப்பு, மூண்டும் நாலும் சேத்து, ஐஞ்சு தனிய. சேத்து வச்சுப் படிப்பிக்கிறதுக்குப் பழக்கம் வேணும், அரைவாசிக்குச் சொல்லிக்குடுக்கேக்க மற்ற அரைவாசிக்குச் செய்ய வேலை வச்சிருக்கவேணும், எல்லாருக்கும் அது வராது. 2009இல மெனிக் பாம் அகதி முகாமில தறப்பாளுக்குக் கீழ நான் மூண்டு வகுப்பைச் சேத்து வச்சுப் படிப்பிச்சனான், அதில படிச்ச பிள்ளை ஒண்டு இப்ப என்ர வீட்டுக்குக் கரண்ட் பில் வாசிக்க வாறவர், ஒவ்வொரு மாசமும் "ரீச்சர் வாய்ப்பாடு சொல்லட்டோ" எண்டு பகிடி விடுவார்.

எங்க கதைக்கிறது எண்டா, முதல்ல கோட்டக் கல்வி அலுவலகம், பிறகு வலயக் கல்விப் பணிப்பாளர், எழுத்திலதான் குடுக்கவேணும், வாயால சொன்னது வாசலோட போயிடும். மாகாணப் பள்ளிக்கூடம் எண்டபடியா முடிவு மாகாணக் கல்வித் திணைக்களம், அமைச்சு வரைக்கும் போகும். கடிதத்தில அழாதேங்கோ. எத்தினை பிள்ளையள், அடுத்த மூண்டு வருசத்தில முதலாம் வகுப்புக்கு வரப்போற பிள்ளையள் எத்தினை (முன்பள்ளி ரீச்சரிட்டைக் கேட்டா விரல்விட்டுச் சொல்லுவா), மற்றப் பள்ளிக்கூடத்துக்கு எந்த றோட்டு, அந்த றோட்டில எந்த மாசம் வெள்ளம் நிக்குது, எத்தினை மணிக்குப் பஸ், இதுகளை மட்டும் எழுதுங்கோ. 2025 கார்த்திகை கடைசியில டித்வா புயல் வந்து றோட்டெல்லாம் அறுத்துக்கொண்டு போனதை மறக்காமல் எழுதுங்கோ.

பழைய மாணவர் ஒருத்தர், கனடாவில இருந்து: நாங்கள் எட்டுப் பேர் சேந்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏதும் செய்ய யோசிக்கிறம். முன்னுக்கு ஒரு வளைவும், ஒரு ஸ்மார்ட் போர்ட்டும் எண்டு கதைச்சிருக்கிறம். உங்கட யோசனை?

தம்பி, வளைவு வேண்டாம். கோவிக்கவேண்டாம், ஆனா வன்னியில வளைவு இருக்கிற அளவுக்குக் கக்கூசில தண்ணி இல்லை. ஸ்மார்ட் போர்ட் ஒண்டை ஒருக்கா நான் பாத்தனான், துணியால மூடி, மேல பூமாலை போட்டு, திறப்பு விழாப் படத்தோட சேத்து வச்சிருந்தினம், லைன் சரியா இல்லாததால பூட்டி வச்சிருக்கினமாம்.

பெரிய வகுப்புப் பெண்பிள்ளையள் மாசத்தில ரெண்டு மூண்டு நாள் ஏன் வாறேல்லை எண்டு ஊரில இருக்கிற உங்கட அக்காமாரைக் கேட்டுப் பாருங்கோ. கொண்டி பூட்டக்கூடிய கதவு, வாளி, தண்ணி, ஒரு குப்பைக் கூடை. அதுக்கு உங்கட வளைவுக் காசில பத்தில ஒரு பங்கும் போகாது. மிச்சக் காசில அந்த உடைஞ்ச குவாட்டர்ஸைத் திருத்துங்கோ, ரெண்டு அறை, ஒரு குசினி, பூட்டு, லைற். மேல எழுதின ரீச்சரின்ர கடிதத்தை வாசிச்சியள்தானே. குவாட்டர்ஸில பேர் போட்ட பலகை வைக்கவேணும் எண்டா வையுங்கோ, எனக்கு ஆட்சேபனை இல்லை.

காசை ஒராளின்ர பேங்க் கணக்குக்கு அனுப்பாதேங்கோ, அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்குக்கு அனுப்புங்கோ, கூட்டத்தில தீர்மானம் எழுதட்டும், கட்டட வேலை எண்டா வலயத்தின்ர அனுமதி வேணும். அது இல்லாமல் கட்டின ஒரு கட்டடத்தில பத்து வருசமா ஆடுதான் கட்டுறது, எங்கையெண்டு கேக்காதேங்கோ.

ஓஎல் எழுதிப்போட்டு இருக்கிற மாணவி, மாந்தை கிழக்கு: எனக்கு உயிரியல் படிக்க ஆசை ரீச்சர். கிட்ட இருக்கிற பள்ளிக்கூடத்தில ஏஎல் கலையும் வர்த்தகமும்தான். கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ விடுதியில நிண்டு படிக்கச் சொல்லுகினம், அம்மா தனிய. மாவட்டம் மாறினா கம்பஸுக்குப் பிரச்சினை வருமெண்டும் ஒரு அண்ணா சொன்னார்.

பிள்ளை, அந்த அண்ணா பாதிதான் சொல்லியிருக்கிறார். கம்பஸ் அனுமதியில 40 வீதம் முழு இலங்கைக்கும் பொதுவாத் திறமை பாத்து, 55 வீதம் மாவட்ட அடிப்படையில, மிச்ச 5 வீதம் கல்வியில பின்தங்கின மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நாலும் அந்தப் பின்தங்கின பட்டியலில இருக்கு. நீ எந்த மாவட்டத்துக் கணக்கில வருவாய் எண்டதை எங்க எத்தினை வருசம் படிச்சாய் எண்டதை வச்சுப் பாக்கிறவை, அதுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ர கைநூல் ஒவ்வொரு வருசமும் வருது, தமிழிலயும் இருக்கு. பள்ளிக்கூடம் மாற முதல் அந்தப் பகுதியை ஒரு ரீச்சரோட இருந்து வடிவா வாசி, அண்ணாமாற்ற கதையை வச்சு முடிவெடுக்காத.

உயிரியலை ஆசைக்காக மட்டும் எடுக்கேலாது, பௌதிகமும் இரசாயனமும் சேந்து வரும், உன்ர ஓஎல் கணிதமும் விஞ்ஞானமும் எப்பிடி வரும் எண்டு நீ எழுதேல்ல. நல்லா வருமெண்டா போ. அம்மா தனிய எண்டு நீ நிண்டா அம்மாவும் தனியத்தான், நீயும் தனியத்தான். மட்டமா வந்தா தொழினுட்பப் பிரிவையும் கேட்டுப்பார், 2013இல இருந்து ஏஎல்லில இருக்கு, எங்கட சனம் இன்னும் அதை இளக்காரமாப் பாக்குது. கிளிநொச்சி அறிவியல்நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கு, வவுனியா வளாகம் 2021இல தனிப் பல்கலைக்கழகமாப் போச்சு. ஒரு காலத்தில கம்பஸ் எண்டா யாழ்ப்பாணம், பேராதனை எண்டு பெட்டி கட்டவேணும், இப்ப உன்ர வீட்டில இருந்து பஸ்ஸில போற தூரம்.

ஒரு பெற்றோர், முத்தையன்கட்டுப் பக்கம்: அதிபர் ஒருநாளும் பள்ளிக்கூடத்தில இல்லை, எப்ப கேட்டாலும் "மீற்றிங்". உண்மையா மீற்றிங்தானோ?

பத்தில எட்டுத் தரம் உண்மைதான். சின்னப் பள்ளிக்கூடத்தில கிளாக் இல்லை, வங்கிக்குப் போறதும் அவர், மதியச் சாப்பாட்டுக் கணக்கு எழுதுறதும் அவர், புத்தகம் ஏத்தி இறக்கிறதும் அவர், எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறதும் அவர். ஆயிரம் பிள்ளை இருக்கிற பள்ளிக்கூடம் நிரப்புற அதே படிவம் எல்லாத்தையும் நாப்பது பிள்ளைப் பள்ளிக்கூடமும் நிரப்பவேணும். மற்ற ரெண்டு தரம் என்னெண்டு எனக்குத் தெரியாது.

ஒரு அம்மம்மா, ஒட்டுசுட்டான்: பேரன் விடிய ஐஞ்சரைக்கு ரியூசனுக்கு சைக்கிளில போறான், றோட்டில யானை. நிப்பாட்டட்டோ?

அம்மா, உடன நிப்பாட்டுங்கோ. இருட்டுக்குள்ள யானை றோட்டைக் கடக்கிற நேரம் அது. ரியூசன் சேருக்குப் போன் எடுத்து பின்னேரம் வைக்கச் சொல்லுங்கோ, மாட்டன் எண்டா வேற ஆளைப் பாருங்கோ. யானை வெடி பொடியன்ர கையில குடுத்து விடுற வேலை ஒருநாளும் செய்யாதேங்கோ, விரல் போன பிள்ளையள் இருக்கினம். வெளிச்சம் வந்த பிறகு நாலைஞ்சு பேராச் சேந்து போகட்டும்.

ஒரு தகப்பன், விசுவமடு: ஐஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப்புக்கு மூண்டாம் வகுப்பில இருந்தே வகுப்புக்கு விடவேணும் எண்டு மனிசி நிக்கிறா.

வேண்டாம். பிள்ளை மாமரத்தில ஏறட்டும். நாலாம் வகுப்புக் கடைசியில யோசிக்கலாம்.

நாலாம் வகுப்பு மாணவி, ஊர் எழுதேல்ல (கொப்பி ஒற்றையில, பென்சிலால): ரீச்சர் எங்கட பள்ளிக்கூடத்தில நாலாம் வகுப்பில நான் மட்டும்தான். விளையாட்டுப் போட்டியில என்னைத் தனிய ஓடவிட்டா எனக்கு முதலாம் இடம் தருவினமோ?

தருவினம் மகள், தராட்டி எனக்கு எழுது. ஆனா தனிய ஓடுறது சப்பெண்டு இருக்கும். உங்கட சேரிட்டைச் சொல்லி ஐஞ்சாம் வகுப்பு அண்ணாமாரோட விடச்சொல்லு, அவையை விட ரெண்டு மீற்றர் முன்னுக்கு நிக்கக் கேள், குடுப்பினம். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வெறுங்காலோட ஓடு, எங்கட மண்ணில அதுதான் சுகம். விளையாட்டுப் போட்டியில நீ எந்த இல்லத்துக்கு ஓடுறாய் எண்டு எழுதேல்லையே, அடுத்த கடிதத்தில எழுது.